கச்சான் காற்றும் கவாய்த் தீவும்

ஜூலை பிறந்தால் ஊவாவில் கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் மழை ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து மேற்குச் சரிவுகளிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஈரத்தை இழந்த காற்று ஹப்புத்தளை மலை இடைவெளிகளில் புகுந்து கீழிறங்கும். இறங்க இறங்க அமுக்கம் கூடிச் சூடேறும். பண்டாரவளை, பதுளை, பசறை, மடுல்சீமைத் தோட்டங்களை அது உலர்த்திக்கொண்டு போகும். பகலெல்லாம் வெயிலும் காற்றும், இரவில் குளிர். கொழுந்து சிறுத்துப்போகும், விளைச்சல் குறையும். ஆனால் கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு மவுசு கூடுவதும் இதே மாதங்களில்தான்.

காரணம் இலைக்குள் நடக்கும் வேதியியல். தண்ணீர் குறைந்து காற்று வதைக்கும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளப் பல சேர்மங்களை உண்டாக்குகிறது. லினலூல், ஜெரானியால், மெதில் சாலிசிலேட் போன்ற மணமுள்ள சேர்மங்களும் அவற்றில் உண்டு. இலையில் இருக்கும்வரை இவற்றில் பெரும்பகுதி சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து மணமில்லாமல் கிடக்கும். தொழிற்சாலையில் கொழுந்தை வாடவிட்டு உருட்டும்போது நொதிகள் அந்தப் பிணைப்பை அறுத்துவிட, மணம் வெளியே வருகிறது. ஊவாத் தேயிலையைத் தனியே அடையாளம் காட்டும் அந்தக் குளிர்ச்சியான மணத்தில் மெதில் சாலிசிலேட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நாள் முழுக்க மலையேறி இறங்கிய முழங்காலில் இரவில் தேய்க்கும் வலித் தைலங்களில் இருப்பதும் இதே மூலக்கூறுதான்.

இதைக் கேட்டவுடன் ஒரு முடிவுக்குத் தாவிவிடத் தோன்றும். செடி வதைபட்டால் மணம். மனிதன் வதைபட்டால் உரம். தோட்ட விழா மேடைகளில் இது அடிக்கடி சொல்லப்படுகிறது. மலையக மக்கள் பொறுமைசாலிகள், எதையும் தாங்குவார்கள், கஷ்டம் அவர்களைப் புடம்போட்டிருக்கிறது என்று பாராட்டுவார்கள். சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாராட்டு அறிவியலுக்குப் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கச்சான் மாதங்களில் தேயிலையின் விலை ஏறுகிறது. ஆனால் கொழுந்து குறைவதால் கூடையில் நிறை சேராது. நிறை சேராத நாளில் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழுவது கஷ்டம். வாடலின் பலன் ஏலத்துக்குப் போகிறது, வாடல் மட்டும் மலையில் நிற்பவருக்கு மிஞ்சுகிறது.

அறிவியலுக்கு வருவோம். துன்பத்தில் பிறந்து வளரும் பிள்ளைகளில் சிலர் நல்ல வேலை, அன்பான குடும்பம், பொருளுள்ள வாழ்க்கை எல்லாம் அடைகிறார்கள், சிலரால் முடிவதில்லை. ஏன்? இந்தக் கேள்விக்கு மிகப் பொறுமையாகப் பதில் தேடிய ஆய்வு, தற்செயலாக, இன்னொரு தோட்டத் தீவில்தான் நடந்தது.

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்று ஒரு தீவு. 1835இல் அங்கே கோலோவாவில் கரும்புத் தோட்டம் தொடங்கியது. பிற்பாடு ஜப்பான், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் அங்கே கரும்பு வெட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து நம் பாட்டன்மார் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் அழைத்துவரப்பட்டதை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இராது. 1955இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளையும், ஒருவரைக்கூட விடாமல், எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய சகா ரூத் ஸ்மித்தும் மற்றவர்களும் பின்தொடரத் தொடங்கினார்கள். ஒரு வயது, இரண்டு வயது, பத்து, பதினெட்டு, முப்பத்திரண்டு, நாற்பது என்று அந்தப் பின்தொடர்தல் ஒரு தலைமுறைக் காலம் நீண்டது.

அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கடுமையான இடர்களுக்கு நடுவே பிறந்தவர்கள். வறுமை, பிரசவச் சிக்கல், தாய்தகப்பன் சண்டை, குடி, மனநோய் போன்றவற்றில் இரண்டு வயதுக்குள்ளேயே நான்கோ அதற்கு மேலோ அவர்களைச் சூழ்ந்திருந்தன. இவர்களில் மூன்றில் இருவர் படிப்பிலோ நடத்தையிலோ பெரும் சிக்கலுக்குள்ளானார்கள். துன்பம் தானாகவே மனிதரை உயர்த்துவதாக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் மீதி மூன்றில் ஒருவர், அதாவது 72 பேர், எந்தச் சிக்கலும் இல்லாமல் நிமிர்ந்து வளர்ந்தார்கள். நாற்பது வயதில் அவர்களில் ஒருவர்கூட வேலையில்லாமல் இல்லை, ஒருவர்கூடச் சட்டத்தின் பிடியில் சிக்கவில்லை. உழைக்கவும் மற்றவர்களை நேசிக்கவும் நாளையை நம்பி எதிர்பார்க்கவும் தெரிந்தவர்களாக வெர்னர் அவர்களைக் கண்டார்.

அவர்களிடம் அப்படி என்ன இருந்தது? சிலருக்குச் சாதுவான, பிறரை ஈர்க்கும் சுபாவம் பிறப்பிலேயே இருந்தது உண்மை. ஆனால் திரும்பத் திரும்பத் தென்பட்டது வேறு. முதல் சில ஆண்டுகளில் அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக எண்ணி நிலையாகப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவராவது இருந்தார். அது தாயாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. பாட்டி, அத்தை, மூத்த அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராகவும் இருந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில், பாடத்தைத் தாண்டியும் பிள்ளையைக் கவனித்த ஓர் ஆசிரியர். இன்னொன்றும் இருந்தது: தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல, பிறருக்குத் தேவைப்படும் ஒரு பொறுப்பு அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது. நான் ஒருவருக்கு வேண்டியவள் என்று பத்து வயதில் உணர்வது சின்ன விஷயமல்ல.

உடலுக்குள் இது எப்படி வேலை செய்கிறது என்பதும் ஓரளவு தெளிவாகியிருக்கிறது. பயம் வந்தால் மூளை அட்ரினல் சுரப்பிக்குக் கட்டளையிட, கார்டிசோல் என்ற ஹார்மோன் இரத்தத்தில் ஏறும். ஆபத்து நீங்கியதும் இறங்கும். ஏறி இறங்குவதில் கெடுதல் இல்லை. இறங்காமலேயே இருப்பதுதான் கெடுதல். நாளடைவில் அது நினைவாற்றலையும் நோய் எதிர்ப்பையும் இதயத்தையும் தேய்க்கும். மெகன் கன்னர் என்ற ஆய்வாளர் தடுப்பூசி போடும் நேரத்தில் சிறு குழந்தைகளின் கார்டிசோலை அளந்தார். தாயோடு நம்பிக்கையான பிணைப்புள்ள குழந்தையும் ஊசிக்கு வீரிட்டு அழுதது. ஆனால் தாய் அருகில் இருக்கையில் அதன் கார்டிசோல் ஏறவில்லை. கத்துவது வாய்தான், உடலின் அடியாழம் அமைதியாக இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருப்பது அதற்குத் தெரியும்.

வாழ்நாளில் ஓரளவு இடர் கண்டவர்களின் மனநலம், இடரே காணாதவர்களைவிடச் சற்றே மேலாக இருந்ததாக மார்க் சீரி என்ற ஆய்வாளர் 2010இல் எழுதினார். துன்பத்தைப் புகழ்பவர்கள் இதைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதே ஆய்வில், அளவு கடந்த இடர் பட்டவர்களின் மனநலம் மோசமாக இருந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

ஊவாத் தோட்டங்களில் அந்த அளவு எங்கே நிற்கிறது? இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடளவில் 17.3 சதவீதம். தோட்டப்புறத்தில் 31.7. பத்தடி லயக் காம்பராவில் ஒரு குடும்பம், பனிக்காலத்தில் ஈரச் சுவர், அடுப்புப் புகை. தாய் விடியற்காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஓடுகிறார், அல்லது வீட்டு வேலைக்குக் குவைத்துக்கோ சவுதிக்கோ போய்விட்டார்.

பணத் தட்டுப்பாடு மனதை என்ன செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை ஆனந்தி மணியும் செந்தில் முல்லைநாதனும் சகாக்களும் அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். கரும்புக்குக் காசு ஆண்டுக்கு ஒருமுறை வரும். அறுவடைக்கு முன், அடகும் கடனுமாக இருக்கும் நாட்களில், சிந்தனைச் சோதனைகளில் அவர்கள் திணறினார்கள். காசு வந்தபின் அதே ஆட்கள் நன்றாகச் செய்தார்கள். 2013இல் வெளியான இந்த ஆய்வின் விளைவு எவ்வளவு பெரியது என்பதில் விவாதம் தொடர்ந்தாலும், அது காட்டும் திசை தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளங்கும். சம்பள நாளுக்கு முந்தைய வாரத்தில், தீபாவளி முற்பணம் கழிந்த மாதத்தில், பிள்ளையின் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் மனம் எத்தனை பெற்றோருக்கு மிஞ்சும்? இதைப் பொறுப்பின்மை என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்த மனம் கடைக் கணக்கிலேயே தீர்ந்துபோயிருக்கிறது.

அன்றாடத் தட்டுப்பாட்டுக்கு மேல் திடீர்ப் பேரிழப்பும் உண்டு. 2014 அக்டோபர் 29 காலை, ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள், கோயில், கடைகள் எல்லாம் மண்ணுக்குள் போயின. பல உடல்கள் கடைசிவரை கிடைக்கவேயில்லை. காலையில் பள்ளிக்கூடம் போய்விட்ட பிள்ளைகள் தப்பினார்கள். வீடு இருந்த இடத்தில் சேறு கிடந்தது. அது எதிர்பாராத விபத்தும் அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடத்தை விட்டு மக்களை அகற்றச் சொல்லி எச்சரித்திருந்தது. உயிர்பிழைத்தவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவைக்கப்பட்டார்கள். மகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டபோது 2016 அக்டோபர் ஆகிவிட்டது.

இத்தகைய பேரிழப்புக்குப் பிறகு மனிதர் எப்படி மீள்கிறார்கள்? ஜார்ஜ் பொனானோ போன்றோரின் ஆய்வுகள், இழப்பைச் சந்திப்பவர்களில் பலர் நாம் நினைப்பதைவிட நிலையாகத் தாங்குகிறார்கள் என்கின்றன. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, அதை விட்டு விலகி நிற்க விரும்புகிறேன். தாங்கினார்கள் என்பதால் தாங்கச் செய்தது சரியாகிவிடாது. இஸ்ரேலில் ஆரன் அன்டனோவ்ஸ்கி என்ற சமூகவியலாளர், நாஜி வதைமுகாம்களிலிருந்து தப்பி வந்த பெண்களை ஆராய்ந்தார். அவர்களில் 29 சதவீதத்தினரின் மனநலம் நன்றாக இருந்தது. முகாமைக் காணாத பெண்களில் அது 51 சதவீதம். எண்களின் வித்தியாசம் கொடுமையின் விலை. ஆனால் அன்டனோவ்ஸ்கியை அந்த 29 சதவீதத்தினர்தான் தூங்கவிடவில்லை. அத்தனைக்குப் பிறகும் எப்படி? அவர் கண்டடைந்த விடையில் மூன்று கூறுகள். எனக்கு நடப்பது எனக்கு விளங்குகிறது. அதைச் சமாளிக்க எனக்கோ என்னவர்களுக்கோ வழி இருக்கிறது. அதற்காகப் பாடுபடுவதில் பொருள் இருக்கிறது.

இந்த மூன்றையும் வைத்து மலையக வரலாற்றைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தலைமுறைகளாக இங்கே உழைத்தவர்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. ஏன் என்று விளங்கவில்லை, சமாளிக்க வாக்குச்சீட்டும் இல்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்கள் நீலகிரியிலும் மற்ற இடங்களிலும் மறுபடி கொழுந்து பறித்தார்கள். கவாய் ஆய்வை வாசித்தபிறகு இந்த ஒப்பந்தம் எனக்கு வேறுவிதமாகத் தெரிகிறது. ஒரே லயத்தில் அம்மாயிக்கு இந்தியா, மகளுக்கு இலங்கை என்று பிரிந்தபோது, ஒரு பேரப்பிள்ளை தன்னைத் தாங்கவிருந்த அந்த ஒருவரை இழந்தது. அந்த இழப்பை எந்தக் குடியுரிமைக் கணக்கும் எழுதிவைக்கவில்லை. எஞ்சியவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல்தான் சட்டம் வந்தது.

மூன்றாவது கூறான பொருள் மட்டும் சட்டத்தால் பறிக்க முடியாததாக இருந்தது. மாசி மாதம் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து தொடங்கும். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்துபோக, ரதி அழுது மன்றாடி அவனை மீட்கும் கதை. பகலில் கவ்வாத்து வெட்டியவர் இரவில் மன்மதன். காண் வெட்டியவர் ரதி. தப்பு அதிர விடிய விடிய ஆடுவார்கள். சேர்ந்து அசைவது உடலை என்ன செய்யும் என்று பார்க்க, ஒக்ஸ்போர்டில் துடுப்புப் படகு வீரர்களை வைத்து எம்மா கோஹனும் ரொபின் டன்பரும் சகாக்களும் செய்த சோதனையொன்று 2010இல் வெளியானது. தனியே துடுப்பு வலித்ததைவிட, ஒரே அசைவில் கூட்டாக வலித்தபின் அவர்களால் கூடுதல் வலியைத் தாங்க முடிந்தது. மூளையில் எண்டோர்பின் கூடுதலாகச் சுரப்பதன் அறிகுறி இது. ஒரே தாளத்துக்குக் கால் வைக்கும் கூத்துக் களத்திலும் இதே உடல்தான் ஆடுகிறது. காதல், சாவு, மீட்சி மூன்றையும் ஆண்டுதோறும் சேர்ந்து நடித்துப் பார்க்கும் ஒரு சமூகம், பொருள் தேட வெளியே போகவேண்டியிருக்கவில்லை.

கவாயில் பார்த்த அந்த ஆசிரியர் ஊவாவிலும் உண்டு. பதுளை ஹாலிஎலைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் ஒரு பிள்ளை பிறந்தது. தகப்பனார் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர். அன்று தோட்டப் பள்ளி என்றால் பெரும்பாலும் ஓர் அறை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடியும். அந்தப் பிள்ளைக்கு முதல் பாடம் சொன்னவர் அந்தத் தகப்பனார்தான். பிறகு பதுளை புனித பீட்ஸ் கல்லூரி, பிறகு தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியர் வேலை. தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், ‘காலங்கள் சாவதில்லை’ நாவலையும் ‘நாமிருக்கும் நாடே’ கதைகளையும் எழுதினார், மலையகச் சிறுகதையின் வரலாற்றைத் தொகுத்தார், 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருதைப் பெற்றார், 2022இல் மறைந்தார். லயத்து வறுமைதான் அவரை எழுத்தாளராக்கியது என்று சொன்னால், அதே வறுமையில் இருந்தும் எழுதப் படிக்கவே வாய்க்காத ஆயிரக்கணக்கான அவருடைய சமவயதுப் பிள்ளைகளுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? வறுமை எல்லோருக்கும் இருந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு வாத்தியார் எல்லோருக்கும் இல்லை.

வெர்னரின் ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி பதினெட்டு வயதுக்குப் பிறகு வருவது. அந்த வயதில் தவறிப்போனவர்களாகக் கணக்கிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் முப்பதுகளிலும் நாற்பதிலும் கரையேறியிருந்தார்கள். அவர்களைக் கரையேற்றியவை மறுபடி படிக்கக் கிடைத்த ஒரு கல்லூரி, தொழில் கற்றுத்தந்த ஒரு பணி, நிதானமான ஒரு துணையோடு அமைந்த கல்யாணம், சேர்ந்து வழிபட்ட ஒரு சபை. காதல் இங்கே வெறும் கவிதைப் பொருளல்ல. நம்பத் தகுந்த ஒருவரோடு வாழ்வது, சிறுவயதில் கிடைக்காததை முப்பது வயதில் ஈடுசெய்தது. சாதாரணதர வகுப்போடு நின்று கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன பையனைப் பற்றி, அவன் கதை முடிந்தது என்று தோட்டத்தில் பேசிக்கொள்கிறோம். அப்படிப் பேச ஆதாரம் இல்லை. அவன் திரும்பி நுழைய ஒரு கதவு, மாலை வகுப்போ தொழிற்பயிற்சியோ தமிழ்மொழியில், பதுளையிலோ பசறையிலோ அவன் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி.

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு ஆதாரம் இன்னும் திட்டமாக இருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986 - 87இல், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சலி கிரந்தம் மெக்ரிகரும் சகாக்களும் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையானவர்கள். ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் போனார். வீட்டில் கழித்துப்போட்ட பொருட்களில் செய்த விளையாட்டுச் சாமான்களோடு, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு ஆண்டுகள், அவ்வளவுதான். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்ற வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடையதைவிட 25 சதவீதம் கூடியிருந்தது. வளர்ச்சி குன்றாதவர்களை எட்டிப் பிடித்திருந்தது. சத்துணவு மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் இந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை. உணவு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். உணவோடு பேச்சும் விளையாட்டும் ஒரு மனிதரின் கவனமும் வேண்டும்.

ஊவாத் தோட்டங்களில் இதற்கான இடத்தைப் புதிதாகக் கட்டவேண்டியதில்லை. பிள்ளைக்காம்பரா அங்கே ஏற்கெனவே இருக்கிறது. சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். விடியலில் தாய்மார் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போகிறார்கள். பிள்ளையைத் தூக்கி வாங்கிக்கொள்ளும் அந்தப் பெண், கவாய் ஆய்வு சொல்லும் அந்த ஒருவராக ஆகக்கூடியவர். அவருக்கு முறையான பயிற்சியும் கௌரவமான சம்பளமும் வேண்டும். கைகொள்ளாத அளவு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அவருக்குத் துணையாக இன்னொருவர் வேண்டும். மதியச் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் நடுவே, ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியே உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் வேண்டும். கம்பனிகளோடும் அரசோடும் சம்பளம் பேச உட்காரும்போது தொழிற்சங்கங்கள் இவை எல்லாவற்றையும் அதே மேசையில் வைக்கலாம்.